ஆறு புள்ளி எட்டு

அக்கா மீட்டரைப் படிக்கும் முன் அதன் கண்ணாடியை முந்தானையால் துடைப்பாள். ஆள் குள்ளம், மீட்டரோ பால் தொட்டியின் மேல் விளிம்பில். காலிக் கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, எண்ணுக்கு நேராகக் கண் வரும்வரை நுனிக்காலில் எம்புவாள். "ஆறு புள்ளி எட்டு" என்று வாய்விட்டுப் படிப்பாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை படிப்பாள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான் இறங்குவாள். டேப்லெட் இருக்கும் மேசைக்கு வருவதற்குள் எண் மறந்துவிடப் போகிறதே என்று அதை முணுமுணுத்துக்கொண்டே நடப்பாள். நடுவில் யாராவது, "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்று கேட்டுவிட்டால் போச்சு. கையை உதறிவிட்டு மறுபடி கேன்மேல் ஏறிவிடுவாள்.

"ஒரு நம்பருக்கு இந்தப் பாடாக்கா?" என்று நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன்.

உத்திரமேரூரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் பால் கம்பெனி வைத்திருக்கும் குளிரூட்டும் நிலையம் அது. தகரக் கூரை போட்ட ஒரு ஹால், உள்ளே பெரிய எவர்சில்வர் தொட்டி, பின்பக்கம் பாலைக் குளிர வைக்கும் கம்ப்ரஸர், வெளியே ஒரு வேப்பமரம், அவ்வளவுதான். சுற்று ஊர்களில் கறக்கும் பால் கேன்களில் வந்து தொட்டியில் விழும். ராத்திரி ஒன்பது மணிக்கு டேங்கர் லாரி வந்து மொத்தத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். அதுவரை பால் நாலு டிகிரியில் நிற்க வேண்டும். காலை ஐந்திலிருந்து ஒரு மணிவரை அக்காவின் ஷிப்ட். ஒன்றிலிருந்து ஒன்பதுவரை என்னுடையது. மணிக்கு ஒரு தடவை, பால் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்டும் அந்த மீட்டரைப் பார்த்து, கம்பெனி கொடுத்த டேப்லெட்டில் எண்ணைப் போட வேண்டும். போட்ட உடனே அது சென்னை ஆபீசுக்குப் போய்விடும். ஐந்துக்குள் இருந்தால் கட்டம் பச்சையாகும். தாண்டினால் சிவப்பு. அவள் போட்டது எனக்குத் தெரியாது, நான் போட்டது அவளுக்குத் தெரியாது. அவரவர் நம்பரில் உள்ளே போனால் அவரவர் போட்டதுதான் காட்டும்.

சிவப்பு விழுந்தால் டேப்லெட் சும்மா விடாது. 'காரணம்' என்று கேட்டு வரிசையாகக் காட்டும். மூடி திறந்திருந்தது. தாமதமான பதிவு. சுத்தம் செய்யும் நேரம். கவனக்குறைவு. கடைசியில் 'மற்றவை'. மிஷின் கோளாறு என்று ஒன்று அந்த வரிசையில் கிடையாது. அதைச் செய்தவர்களுக்கு ஆள்தான் கெட்டுப்போவான், மிஷின் கெடாது என்று எண்ணம் போலிருக்கிறது. அக்கா ஒவ்வொரு தடவையும் 'மற்றவை'யைத் தொட்டு, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பாள். 'கம்ப்ரஸர் சத்தம் வேற மாதிரி வருது.' மறுநாளும் அதையே அடிப்பாள்.

அவள் சுபாவமே அப்படித்தான். கண்ணால் பார்த்ததைத் தாண்டி ஒரு சொல் வராது. அவள் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையனுக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் அவளிடம் விசாரித்தார்கள்.

"பையன் எப்டிமா? குடி கிடி உண்டா?"

"காலைல ஏயரை பஸ்ஸுல வேலைக்குப் போவும், எங்க பால் கம்பெனி வாசல்லதான் ஏறும். பாத்துருக்கேன்."

"சாயங்காலம் நேரத்தோட வூட்டுக்கு வந்துடுமா?"

"நான் எட்டு மணிக்குப் படுத்துடுவேன். அதுக்குள்ள வந்து பாத்ததில்ல."

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது. பையனின் அம்மா தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். "நல்ல பையன்னு ஒரு வார்த்த சொன்னா உன் வாய்ல கீற முத்து கொட்டிடுமாடீ?" அக்கா வாசலில் நின்று நிதானமாக, "நல்ல பையனாத்தான் இருக்கும் பெரிம்மா. எனக்குத் தெரியாததால சொல்லல" என்றாள். அந்தப் பையன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அவனுக்கு அடுத்த வருஷம் வேறு இடத்தில் முடிந்தது. அந்த வீட்டுக்காரர்கள் அக்காவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. எனக்கேகூட அன்றைக்கு அவள்மேல் கோபம்தான். இப்படியும் ஒரு பொம்பளை இருப்பாளா என்றிருந்தது.

ஒரு கோடையில் கம்பெனி எங்களை மாடு கணக்கெடுக்கச் சொன்னது. எந்த வீட்டில் எத்தனை மாடு, எது கறவை, எது சினை என்று டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். அடுத்த வருஷம் எந்த ஊரிலிருந்து எவ்வளவு பால் வரும், எங்கே வண்டி விடலாம், எங்கே நிறுத்தலாம் என்பதை ஆபீசில் உட்கார்ந்தபடியே அதைவைத்துப் பார்த்துவிடுவார்களாம். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பால் கொண்டுவருபவர்களிடம் வாயால் கேட்டே என் ஊர்களை முடித்துவிட்டேன். அக்கா கொட்டகை கொட்டகையாகப் போனாள். ஒரு சாயங்காலம் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தாள்.

"ஏய், அந்த டேப்லெட்ட இப்டி குடு. ஒண்ணு மாத்தணும்."

"இன்னாக்கா ஆச்சு?"

"ஏரிக்கரை வூட்ல எண்ணிக்கினு வந்து நாலுன்னு போட்டேன்டீ. நான் தெரு முனை திரும்பறதுக்குள்ள பசு கன்னு போட்டுச்சாம். அஞ்சு ஆயிடுச்சி."

"வுடுக்கா. ஆபீஸ்ல எவன் வந்து கன்னுக்குட்டிய எண்ணப் போறான்?"

"எண்ண மாட்டான்டீ. அதனாலதான் நாம சரியா போடணும்."

இதைக் கேட்டும் நான் சிரித்தேன்.

என் கதையைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. நான் பயந்த சுபாவம். பத்தாவது பரீட்சை எழுதப் பயந்தே ஒன்பதோடு நின்றவள். வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு வைத்தால் பூட்டினோமா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். போன் அடித்தால் எடுக்கும் முன்பே யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நினைத்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மத்தியானம் ஆறரை என்று போட்டேன். கட்டம் சிவந்தது. காரணம் கேட்டது. எதைத் தொடுவது என்று தெரியாமல் 'கவனக்குறைவு' என்பதைத் தொட்டுவிட்டேன். பத்து நிமிஷத்தில் எங்கள் சூப்பர்வைசர் போன் செய்தார். ஐந்தாறு நிலையங்களை ஒரே பைக்கில் சுற்றி வருபவர். "இன்னாமா, செவப்பா காட்டுது? ஆபீஸ்ல என்னப் போட்டு வறுக்கறாங்க" என்றார். கெட்ட வார்த்தை ஏதும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த மணிக்கு நாலு என்று போட்டேன். பச்சை. போன் வரவில்லை.

அதற்கப்புறம் மீட்டரை நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். பார்த்தால்தானே பயம். எல்லாமே நாலாக இருந்தால் சந்தேகம் வருமே என்று அதற்கும் பயந்து, 4.1, 3.9, 4.0 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இந்தச் சூதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

ஒரு மணிக்கு ஷிப்ட் மாறும்போது அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வாள். "ஏழுகிட்ட கீதுடீ. பாத்துக்கோ." மறுநாள் அதே இடத்தில் கேட்பாள். "நேத்து எறங்கிச்சா?"

"எறங்கிச்சிக்கா."

"எவ்ளோ?"

"நாலு."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்து, "ம்" என்பாள். அந்தப் பார்வைக்கும் அந்த 'ம்'முக்கும் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள், வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு நின்று பேச நேரமும் இருக்காது. மாமியார் படுத்த படுக்கை. ஒரு மணிக்குப் போய்த்தான் அவருக்குத் துணி மாற்றி, கஞ்சி கொடுக்க வேண்டும். வீட்டிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் இப்படி ஒரு வேலை அவளுக்கு வேறு எங்கும் கிடைக்காது. எங்கள் பக்கத்துப் பெண்கள் பாதிப்பேர் கம்பெனி பஸ் ஏறித் தூரமாகப் போகிறவர்கள். அவளால் அது முடியாது.

கம்ப்ரஸரைப் பார்க்க ஆள் அனுப்பச் சொல்லி அவள் சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு நாள் அவர் பைக்கை விட்டு இறங்காமலேயே சொன்னார். "நானும் ஆபீஸ்ல கேட்டுட்டம்மா. சாயங்கால ரீடிங்லாம் சூப்பரா கீதாம். மிஷின் ரிப்பேர்னா சாயங்காலம் மட்டும் எப்டி வேல செய்யுதுன்னு கேக்கறாங்க. நான் இன்னா சொல்றது?"

அப்போது நான் கேன் கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீரைக் கொஞ்சம் வேகமாகத் திறந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஆபீசிலிருந்து காரில் ஒரு மேடம் வந்தார். என் வயதுதான் இருக்கும். தன்மையாகப் பேசினார். ஷிப்ட் மாறும் நேரமாகப் பார்த்து எங்கள் இருவரையும் உட்காரவைத்து, மடியில் வைக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து மேசைமேல் வைத்தார். சூப்பர்வைசர் பின்னால் நின்றார். திரையில் இரண்டு கோடுகள். ஒன்று ஏறி இறங்கி, உச்சியெல்லாம் சிவப்புப் புள்ளியாக இருந்தது. இன்னொன்று ஏரித் தண்ணீர்போல மட்டமாகக் கிடந்தது.

"இது நீங்க" என்று முதல் கோட்டைக் காட்டி அக்காவிடம் சொன்னார். "இது இவங்க."

அக்கா குனிந்து பார்த்தாள். முந்தானை நுனியால் திரையைத் துடைக்கப் போனாள். சூப்பர்வைசர் பதறிவிட்டார். "எம்மா, அது மீட்டரு இல்லம்மா!"

"மிஷின் ஒண்ணு, பால் ஒண்ணு" என்றார் மேடம். "ஆள் மட்டும்தான் வேற. நீங்க ஒரு மணிக்கு ஏழுன்னு போடறீங்க. இவங்க கைக்கு வந்த ஒரு மணி நேரத்துல நாலுக்கு வந்துடுது. ஆறு மாசமா இப்படியே இருக்கு. நாங்க என்னன்னு எடுத்துக்கறது, நீங்களே சொல்லுங்க."

"மிஷின் சரியில்ல மேடம். தினிக்கும் எய்திக்கினுதான் கீறேன்."

"படிச்சேன்மா. சரியில்லன்னா சாயங்காலமும் ஏறணும் இல்லையா?"

அக்கா எழுந்துகொண்டாள். "இப்பவே வந்து பாருங்க மேடம். தோ, பத்தடிலதான் கீது மீட்டரு. கேன்மேல நான் ஏற மாட்டேன், நீங்களே ஏறிப் படிங்க."

மேடம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எரிச்சலும் படவில்லை. "ஒரு தடவ பார்த்து என்ன சொல்ல முடியும்? நான் ஆறு மாச டேட்டா வச்சுப் பேசறேன்" என்றார். பிறகு கேட்டார். "அப்போ இவங்க போடற நம்பர் பொய்னு சொல்றீங்களா?"

முடிந்தது என்று நினைத்தேன். அக்கா என்னை நேராகப் பார்த்தாள். கம்ப்ரஸர் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது மட்டும் காதில் இருக்கிறது.

"இவ போடறச்ச நான் கூட இருந்ததில்ல மேடம். பாக்காதத எப்டி பொய்ன்றது?"

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துதானே போடறீங்க?"

"ஆமா மேடம்."

அவ்வளவுதான் நான் சொன்னது. இதற்குள் எத்தனையோ விதமாக அதை மாற்றிச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பஸ்ஸில், கிணற்றடியில், சோறு வடிக்கும்போது. 'இல்ல மேடம், பயத்துல போட்டேன்' என்று சொல்லிப் பார்ப்பேன். 'இன்னைக்கு ஏழுதான் இருக்கும்' என்று சொல்லிப் பார்ப்பேன். இப்போது தடங்கலே இல்லாமல் வருகிறது.

அன்று மேடம் கார் ஏறும்போது சரியாக ஒரு மணி. அக்கா கேனைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். துடைத்தாள். படித்தாள். "ஏழு புள்ளி ஒண்ணு." சூப்பர்வைசர் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னிக்கி ஒரு நாளாவது பேஜார் பண்ணாத இரும்மா!" என்றார். அக்கா இறங்கி வந்து ஏழு புள்ளி ஒன்று என்று போட்டு, 'மற்றவை'யைத் தொட்டு, ஒற்றை விரலால் எழுத ஆரம்பித்தாள்.

மறுநாளிலிருந்து அவளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலை ஷிப்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாள். சூப்பர்வைசர் அவளிடம் என்னைக் காட்டி, "இது எப்டி பண்ணுதோ அப்டியே பண்ணு" என்றார்.

எனக்கு 'மாதத்தின் சிறந்த ஆபரேட்டர்' என்று ஒரு சான்றிதழ் வந்தது, பிளாஸ்டிக் உறை போட்டு. அதை வீட்டில் அரிசி டிரம்முக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் எடுத்து மாட்டலாம் என்றார். ஆணி அடித்தால் சுவர் பெயர்ந்துவிடும் என்று சொல்லித் தடுத்துவிட்டேன். ஒரு நாள் அக்கா வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு தெரு முனைவரை போனேன். அவள் வாசலில் மாமியார் துணியைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் திரும்பிவிட்டேன். பழம் கறுக்கும்வரை வீட்டில் கிடந்தது.

ஆனால் ஒரு ஆறுதல் எனக்குள் இருந்தது. சொல்ல வெட்கம்தான். அக்காவுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தே என்னைக் காப்பாற்றினாள் என்ற ஆறுதல். தூக்கம் வராதபோது அதைப் பிடித்துக்கொள்வேன். அவள் மனசார மன்னித்துவிட்ட ஒரு தப்பு அது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

போன வருஷம் மீட்டரைக் கழற்றிவிட்டு, தானாகவே ஆபீசுக்கு எண்ணை அனுப்பும் ஒரு கருவியை மாட்டினார்கள். மாட்டிய அன்றே அது ஏழு என்று காட்டியது. வந்திருந்த இன்ஜினியர் பையன் நெற்றியைச் சுருக்கி, டேப்லெட்டில் என் பழைய எண்களையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தான். போனில் ஆபீசுக்குச் சொன்னான். "கையால போட்ட ரீடிங் எல்லாம் நாலு நாலுன்னு கரெக்ட்டா இருக்கு சார். புதுக் கருவிதான் மூணு கூடக் காட்டுது. குறைச்சு செட் பண்ணிடறேன்." குறைத்து வைத்தான். கருவியும் நாலு காட்டியது. "உங்க டேட்டா இருந்ததால பொழச்சோம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் கோடையில் இரண்டு தடவை டேங்கர் பால் திரிந்துபோயிற்று. கருவி நாலு காட்டியதால், ஊர்க்காரர்கள்தான் பழைய பாலைக் கலக்கிறார்கள் என்று ஆபீசில் முடிவு செய்தார்கள். நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன்.

போன மாதம் என் லீவு நாளில் வாலாஜாபாத் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள். அக்கா. தலையெல்லாம் உமித் தூசி. பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்கார வைத்தாள். அங்கே ஒரு அரிசி மில்லில் மூட்டை தைக்கிறாளாம்.

"மாமியா எப்டிக்கா கீறாங்க?"

"கீது. காலைல கஞ்சி குடுத்துட்டு, வெளிய பூட்டிக்கினு வந்துடறேன். வேற இன்னா பண்றது?"

பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை எதையெதையோ பேசினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் சாய்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன்டீ. மறைக்காத சொல்லு. நீ இன்னா பண்ணுவ?"

"எதுக்குக்கா?"

"பாலு எறங்கறதுக்கு. நானும் யோசிச்சி யோசிச்சிப் பாத்துட்டேன். மூடிய ரெண்டு வாட்டி அமுக்குவேன். கேனு வந்தா வந்த கையோட ஊத்திட்டு மூடிடுவேன். எனக்கு மட்டும் ஏழுலயே நின்னுச்சி. உன் கைக்கு வந்தா ஒரு மணி நேரத்துல நாலு. அந்த மேடம் காட்டுன கோட்டுப் படத்துல பாத்தப்பதான் எனக்கே திக்குன்னுச்சி. நான் எத வுட்டேன்?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். குத்தல் இல்லை, கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

"மாமியா நெனப்புல எதையோ வுட்டுட்டுதான் இருந்துருப்பேன். மிஷின் மேல வேற பயி போட்டேன், பாவம். மில்லுல நெல்லு ஈரம் பாக்கற மிஷின் வாங்கிக் கீறாங்க. அதப் பாத்து எய்தற வேலைக்குப் போறியான்னு ஓனரம்மா கேட்டுச்சி. உக்காந்தே பாக்கற வேல. வாணாம்னுட்டேன். எனக்கு மீட்டர் பாக்கற வேல சரியா வராது."

பஸ் ஏதோ ஒரு நிறுத்தத்தில் நின்றது. நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, இடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "ஏய்! உன் ஊரு இன்னும் வர்லடீ!"

"இங்க ஒரு வேல கீதுக்கா" என்றேன்.

சுற்றிலும் அறுத்துப்போட்ட வயல். ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. அவளும் அதைப் பார்த்தாள். ஆனாலும், "சரி, பாத்து போ" என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.